தொட்டிமேட்டில் மணி சொல்பவர்

கோவிச்சுக்காதீங்க தம்பி, மூலையை வெட்டித்தான் ஆகணும். நெஞ்சுல குத்தியிருக்கற நம்பர் சீட்டுல மூலை வெட்டியாச்சுன்னா இந்த ஆள் பந்தயத்தை விட்டாச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா ஒம்பது மணிக்கு முடிவுக்கோட்டுல உங்களைக் காணோம்னு டார்ச் லைட்டைத் தூக்கிட்டுத் தேடக் கெளம்பிருவாங்க. இந்தாங்க, முடிஞ்சுது. வலிக்குதா? காலைக் கேக்கலைங்க, இதைக் கேக்கறேன். காலு ஒரு மாசத்துல சரியாயிரும்.

உக்காருங்க. காலைத் தூக்கி அந்தப் பெட்டி மேல வைங்க. ஜீப்பு அரை மணியில வரும்கறாங்க. டீ குடிங்க, சர்க்கரை தூக்கலாத்தான் இருக்கும், இப்ப உங்களுக்கு அதுதான் வேணும். உப்புப் போட்ட உருளைக்கிழங்கு இருக்கு. கூட இருந்த ரெண்டு பேரும் கீழ சரிவுல வழி காட்டற ரிப்பன் அறுந்து போச்சுன்னு கட்டப் போயிருக்காங்க. நாம ரெண்டு பேருதான்.

மொத தடவையா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. மெட்ராஸா, பெங்களூரா? பெங்களூரு. சரி. பையில வழிகாட்டிப் புத்தகம் வெச்சிருப்பீங்களே, பணம் கட்டினா கொடுப்பாங்களே, பளபளன்னு நாப்பது பக்கம். எடுங்க. இருபத்தெட்டாம் பக்கம். "தொட்டிமேடு. அறுபத்தொன்றாவது கிலோமீட்டர். தண்ணீர், தேநீர், உருளைக்கிழங்கு. கெடு மாலை நான்கு மணி." அவ்வளவுதான். அதுக்கு முந்தின பக்கம் பாருங்க, ஊசிப்பாறை. "கடினமான ஏற்றம்." கடினம்னா என்னங்க அர்த்தம்? முந்நூத்திப் பதினாலு கல்லு. நூத்திநாப்பதாவது கல்லு ஆடும். இருநூறு தாண்டினதும் வலது பக்கம் ஒரு கொம்பு மூஞ்சிக்கு நேரா நிக்கும். எல்லாம் நான் எண்ணி வெச்சிருக்கேன். எனக்கு எண்ண வேண்டியிருந்தது.

மணி என்ன, மூணு பத்தா? சரி. நேரம் இருக்கு.

நான் உடுமலைப் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாருங்க. சென்னியப்பன். ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். நான் எதுக்கு எண்ணினேன்னா, திருமூர்த்தின்னு ஒருத்தருக்கு. நானெல்லாம் மூர்த்தின்னுதான் கூப்பிடுவேன். அவருக்கு வயசு முப்பத்தெட்டு. தாலுகா ஆபீஸ்ல டெலிபோன் பாக்கறாரு. பிறவியிலயே ரெண்டு கண்ணும் தெரியாது. அவரை இந்த மலையில ஓட வெச்சது நான்தான். இந்தக் கரடிச்சோலை எண்பது கிலோமீட்டர் பந்தயத்துல கண்ணு தெரியாத ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தின மொத ஆளு நான். இதை நான் பெருமைக்குச் சொல்லலைங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

எப்படின்னா, ரோடுன்னா பக்கத்துல பக்கத்துல ஓடலாம், கையோட கையா ஒரு கயிறு. மலையில ஒத்தையடிப் பாதை. முன்னாடி நான், பின்னாடி அவரு, நடுவுல ஒரு குச்சி. ஒரு முனை என் கையில, ஒரு முனை அவரு கையில. வாயில நாலே வார்த்தை. வேரோ கல்லோ இருந்தா "தூக்கு". பள்ளம்னா "தாழ்வு". கொம்பு இருந்தா "குனி". அப்பறம் "நில்லு". இந்த நாலு வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை சொல்லியிருப்பேன். எங்க வீட்டுக்காரிகூட இருபத்தஞ்சு வருஷத்துல நான் அவ்வளவு பேசினதில்லை. அவளே சொல்லுவா.

ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. நான் "தாழ்வு"ன்னா அவரு யோசிக்க மாட்டாரு. காலை நீட்டிப் பாக்க மாட்டாரு. வெறும் காத்துல காலை வெச்சிருவாரு. கீழ கல்லு இருக்கும்னு. நான் சொல்லிட்டேனே, அப்ப இருக்கும். மூணு வருஷம் அப்படி. என்னை அப்படி ஒருத்தர் நம்பினதில்லை தம்பி, என்னைப் பெத்தவங்ககூட.

எதுக்கு இவருக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். சொன்னாரு. "சார், எனக்கு எல்லாரும் பாஸ் போட்டுடறாங்க. ஆபீஸ்ல விளையாட்டுப் போட்டி வெச்சா நான் நின்னாலே கப்பு. பாட்டுப் பாடினா கை தட்டறாங்க, நான் பாடறது எனக்கே கேக்குது சார். இந்த மலையில அப்படி இல்லையாமே. நாலு மணின்னா நாலு மணியாமே. அதுக்குள்ள வந்தா வந்தேன், வராட்டி வரலை. எனக்கு அது வேணும்." இதான் அவரு கேட்டது. மெடல் வேணும்னோ, பேப்பர்ல போட்டோ வரணும்னோ கேக்கலை. கெடுவைக் கேட்டாரு.

வாக்கிடாக்கியில ஏதோ சொல்றாங்க, இருங்க... நூத்திப்பதினேழு ஊசிப்பாறை தாண்டியாச்சாம். மூணு ஆறுக்கே. இப்ப சொல்றான் பாருங்க.

அது மூர்த்தி நம்பருங்க. ஆமா, இன்னிக்கு ஓடறாரு. என்கூட இல்லை. மெர்லின்னு ஒரு பொண்ணு, குன்னூர்ல நர்ஸ் வேலை, இருபத்தாறு வயசு. நல்ல பொண்ணுதான். ஆனா கொஞ்சம் அவசரம். "தூக்கு" சொல்ல ஒரு நொடி லேட் பண்ணும். நான் பாத்திருக்கேன்.

போன வருஷம் நாங்க ஓடினோம். காலையில நாலு மணிக்கு ஆரம்பம், உங்களை மாதிரித்தான். நாப்பது கிலோமீட்டர் வரைக்கும் சொர்க்கம். தேயிலைக் காட்டுக்குள்ள போறப்ப மூர்த்தி சினிமாப் பாட்டை விசிலடிச்சுட்டு வந்தாரு. நாப்பத்தேழுல ஓடை தாண்டறப்ப என் இடது முட்டியில ஏதோ நகர்ந்துச்சு. பெருசா ஒண்ணுமில்லை. நான் சொல்லலை. எதுக்குச் சொல்லணும், அவரு மனசு தளர்ந்துரும்ல? ஊசிப்பாறையில ஏறறப்ப அவருக்குத்தான் களைப்பு. அவருக்குத்தாங்க. ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டாரு. "போலாமா சார், போலாமா சார்"னு கேட்டுட்டே வந்தாரு. களைச்சவங்கதான் அப்படிக் கேப்பாங்க. குச்சி எப்பவும் என் பின்னாடி இழுபட்டு வரும். அன்னிக்கு அது என் முதுகுல வந்து வந்து முட்டுச்சு.

ஊசிப்பாறை ஏறி, அம்பத்தொம்பதுல ஒரு பெரிய வழுக்கைப் பாறை இருக்குல்ல, நீங்களும் தாண்டித்தான் வந்திருப்பீங்க. அதுக்கப்பறம் ரெண்டே கிலோமீட்டர், வெறும் புல்லு மேடு, கல்லு அதிகமில்லை. அங்க நான் நின்னேன். "மணி என்ன சார்?"னாரு.

கையில பேசற வாட்ச் கட்டலையான்னு கேப்பீங்க. வீட்டுல கட்டுவாரு. ஓடறப்ப கட்ட மாட்டாரு, குச்சி பிடிக்கற மணிக்கட்டுல இடிக்குதும்பாரு. மணி சொல்றதும் வழிகாட்டி வேலைதான்.

நான் வாட்சைப் பாத்தேன். மூணு இருபது.

"நாலு பத்து, மூர்த்தி"ன்னேன்.

டீ ஆறுது, குடிங்க.

நாப்பது நிமிஷம் இருந்துச்சுங்க. ரெண்டு கிலோமீட்டர். நடந்தே வந்திருக்கலாம். இப்ப நீங்க சுளுக்குன காலோட வந்தீங்களே, அதே தூரம்தான்.

அவரு குச்சியை மட்டும் விட்டுட்டாரு. அப்பறம், "சரி சார், முயற்சி பண்ணினோம்"னாரு. பாறையில உக்காந்தோம். பிஸ்கட் கொடுத்தேன். நாங்க உக்காந்திருக்கறப்ப ரெண்டு பேரு எங்களைத் தாண்டி ஓடினாங்க. "யாரு சார் போறாங்க?"ன்னாரு. "பாவம், கெடு முடிஞ்சது தெரியாம ஓடறாங்க"ன்னேன். அவங்களுக்காக அவரு வருத்தப்பட்டாரு. நிஜமாவே வருத்தப்பட்டாருங்க. மூணு முப்பத்தஞ்சு வரைக்கும் உக்கார வெச்சேன். நிமிஷத்துக்கு நிமிஷம் வாட்சைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அதுக்கு மேலதான் மெதுவா நடக்க ஆரம்பிச்சோம்.

எதுக்குன்னா பாக்கறீங்க? அவரு களைச்சிருந்தாரு. கீழ இருட்டுல பத்தொம்பது கிலோமீட்டர் இறக்கம் இருக்கு. விழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? வீட்டுல அவரோட அம்மா இருக்காங்க. அப்படித்தான் எங்க வீட்டுல சொன்னேன். ஸ்கூல்லயும் அப்படித்தான் சொன்னேன்.

மணி மூணு இருபத்தொம்பது. அவங்க இப்ப அந்தப் பாறைகிட்ட இருப்பாங்க.

உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க நாளைக்குப் பெங்களூரு போயிருவீங்க. இந்தப் பந்தயத்துல ஒரு ரூல் இருக்கு, அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு, கடைசிப் பக்கம். கண்ணு தெரியாதவங்களுக்கு இது மாதிரி நிலையத்துல வழிகாட்டியை மாத்திக்கலாம். மாத்து ஆளு ஒருத்தரை முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். நாங்க எழுதிக் கொடுத்த மாத்து ஆளு மெர்லின். அந்தப் பொண்ணு காலையில இருந்து இங்க, இதே தண்ணித் தொட்டி மேல, ஷூவைக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு. நான் நொண்டிட்டு வந்து நின்னா என்ன ஆகும்? குச்சியை அது கையில கொடுக்கணும். மூணு வருஷம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சவன் நான். முந்நூத்திப் பதினாலு கல்லை எண்ணினவன் நான். கடைசி பத்தொம்பது கிலோமீட்டரை ஓடி அந்தக் கோட்டைத் தாண்டறது அது. போட்டோல மூர்த்தி பக்கத்துல அது. என்னால முடியலைங்க. அதனாலதான் நாலு பத்துன்னு சொன்னேன். முட்டிக்காகவும் இல்லை, இருட்டுக்காகவும் இல்லை.

இதை யாருகிட்டயும் சொன்னதில்லை.

இங்க வந்து சேர்ந்தோம். இதே மேஜை. கத்திரிக்கோலோட ஒரு அம்மா நின்னாங்க. மூர்த்தியைப் பாத்ததும் அழுகாத குறை. "அய்யோ, அஞ்சே நிமிஷம் சார்! நாலு அஞ்சுதான் ஆகுது! அஞ்சு நிமிஷத்துல போச்சே!"ன்னாங்க.

நாலு அஞ்சு. முக்கா மணி நேரத்துக்கு முன்னாடி நான் நாலு பத்துன்னு சொன்ன ஆளுகிட்ட.

மூர்த்தி, "இப்ப மணி எவ்வளவுங்க?"ன்னு இன்னொரு தடவை கேட்டாரு. அந்த அம்மா நாலு அஞ்சுன்னு மறுபடியும் சொன்னாங்க. அப்பறம் அவங்க ஒண்ணு சொன்னாங்க பாருங்க. "அஞ்சு நிமிஷம்தானே, உங்களுக்காக நான் நாலுன்னே எழுதிக்கறேன், நீங்க போங்க. புது வழிகாட்டி ரெடியா இருக்காங்க"ன்னாங்க. மெர்லின் எந்திரிச்சு வந்து நின்னுச்சு. அப்பவாச்சும் நான் வாயைத் தொறந்திருக்கலாம். மூர்த்தி வேண்டாம்னுட்டாரு. "கெடு கெடுதாங்க. வெட்டுங்க"ன்னாரு. வெட்டினாங்க. வெட்டின எடத்தைக் கட்டை விரலால தடவிப் பாத்தாரு. "சரி சார், போலாம்"னாரு என்கிட்ட.

அவரு கவனிச்சிருக்க மாட்டாருன்னுதான் நெனக்கறேன். அன்னிக்கு அவ்வளவு களைப்பு. மணிக்கணக்கெல்லாம் அவருக்கு எங்க ஞாபகம் இருந்திருக்கப் போகுது? ஜீப்ல எப்பவும் என் தோளைப் பிடிச்சுத்தான் உக்காருவாரு, அன்னிக்குக் கம்பியைப் பிடிச்சுட்டு வந்தாரு. ஜீப்ல எல்லாரும் கம்பியைத்தானே பிடிப்பாங்க? வீட்டு வாசல்ல இறங்கறப்ப, "மூணு வருஷம் எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டீங்க சார், நன்றி"ன்னு ரெண்டு கையையும் கூப்பினாரு. கோவம் இருந்தா கும்பிடுவாங்களா, சொல்லுங்க.

அதுக்கப்பறம் காலையில ஓடிப் பழக ஸ்கூல் கிரவுண்டுக்கு வரலை. போன் போட்டா மரியாதையாத்தான் பேசுவாரு. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி சார்ம்பாரு. தாலுகா ஆபீஸ்ல வேலை இருக்கத்தானே செய்யும். அப்பறம் ஒரு நாள் தளி ரோட்டுல பஸ்ல போறப்ப பாத்தேன். மெர்லின் முன்னாடி, அவரு பின்னாடி, நடுவுல குச்சி. லீவு நாள்ல குன்னூர்ல இருந்து வருமாம். அந்த ரோடு அவரு வீட்டுக்குப் பக்கம், எங்க கிரவுண்டு தூரம், அதனாலதான் மாத்திட்டாரு. பஸ்ல நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன். அவங்க மறையற வரைக்கும் "தூக்கு, தாழ்வு"ன்னு என் வாய் தானா சொல்லிட்டே இருந்துச்சு. பக்கத்து சீட்டு ஆளு ஒரு மாதிரியாப் பாத்தாரு.

இந்த வருஷம் நானே கமிட்டிக்குப் போன் பண்ணி இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். தொட்டிமேட்டுல மணி பாக்கற வேலை. எங்க வேணும்னாலும் போடறோம் சார், முடிவுக்கோட்டுக்கு வாங்க, அங்க மேடை இருக்கு, மைக் இருக்குன்னாங்க. வேண்டாம், தொட்டிமேடுதான்னேன். எதுக்குன்னா, இன்னிக்கு அவரு வர்றப்ப சரியான மணியை நான் சொல்லணும். அவ்வளவுதான். என் வாயால சொல்லணும். ஒரு தடவை சரியாச் சொல்லிட்டா அது முடிஞ்சு போயிரும்ல? மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேட்டா, தெரியாததைத் தெரிய வெச்ச மாதிரி ஆயிரும். மணியைச் சொல்லிட்டா போதும். அவரு "ஆகட்டும் சார்"னு சொல்லிட்டு ஓடிருவாரு. எனக்கு அது போதும்.

மூணு முப்பத்தெட்டு. இன்னும் காணோம். பனி எறங்குது, பாருங்க. அந்தப் பொண்ணு பாறைகிட்ட எங்கயாச்சும் உக்கார வெச்சிருச்சோ என்னவோ.

இருங்க. உங்களுக்குக் கேக்குதா? "தூக்கு." கேட்டுச்சுங்களா? அதோ, மஞ்சச் சட்டை. ரெண்டு பேரும் ஓடி வர்றாங்க தம்பி, நடக்கலை, ஓடறாங்க! அறுபத்தொண்ணு கிலோமீட்டர் முடிச்ச காலு அது! மூர்த்தி! மணி மூணு நாப்பத்திமூணு! இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு, மூர்த்தி! வாங்க, வாங்க!

போயிட்டாங்க.

நீங்களும் பாத்தீங்கல்ல. பக்கத்துலதானே இருந்தீங்க. மெர்லின் பாட்டிலைத் தூக்கிட்டுத் தொட்டிக்கு ஓடுச்சு. அவரு மேஜை விளிம்பைப் பிடிச்சுட்டு நின்னாரு. நான் இன்னொரு தடவை சொன்னேன், மெதுவா, காதுக்குப் பக்கத்துல, மூணு நாப்பத்திமூணுன்னு. என் குரல் அவருக்குத் தெரியாமலா? டெலிபோன்ல நூறு பேரு குரலைப் பேரோட சொல்ற ஆளு அவரு. "சென்னியப்பன் சாரா?"ன்னாரு. ஆமா மூர்த்தின்னேன். சிரிச்சாரு. நல்லாத்தான் சிரிச்சாரு.

"முட்டி எப்படி இருக்கு சார் இப்ப?"ன்னாரு.

முட்டியைப் பத்தி நான் அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லைங்க. அன்னிக்கும் சொல்லலை, அப்பறமும் சொல்லலை.

நான் பதில் சொல்றதுக்குள்ள தலையை உங்க பக்கம் திருப்பினாரு. "இங்க வேற யாருங்க இருக்கா?"ன்னாரு. நீங்க, நான் இருக்கேன், கால் சுளுக்கி உக்காந்திருக்கேன்னீங்க. "சிரமம் பாக்காம மணி என்னன்னு சொல்றீங்களா?"ன்னாரு. நீங்க வாட்சைப் பாத்து மூணு நாப்பத்திநாலுன்னீங்க. "ரொம்ப நன்றிங்க, காலைப் பாத்துக்குங்க"ன்னாரு. மெர்லின் வந்துச்சு, குச்சியைப் பிடிச்சாரு, போயிட்டாரு.

இல்லீங்க, அழுகலை. பனி. இந்த மேட்டுல இந்த நேரத்துக்கு எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வரும்.

ஜீப்பு வந்தாச்சு. மெதுவா எந்திரிங்க. என் தோளைப் பிடிச்சுக்கங்க, பிடிங்க. நான் வரலை, நாலு மணி வரைக்கும் நான் இங்க இருக்கணும். இன்னும் பதினோரு பேரு மேல இருக்காங்க. பாத்து, தாழ்வு. வண்டியில ஏறறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. அவரு உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை சொன்னேன்ல, உங்க காதுல விழுந்துச்சுல்ல? நான் சரியாத்தானே சொன்னேன்?